பாவலர் சகோதரர்கள் இசைக்குழு: தொடக்கமும் முதல் ஒலிப்பதிவும்

பாவலர் சகோதரர்கள் என்பது இன்றைய தேனி மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் தோன்றிய இசைக்குழுவாகும். கவிஞரும் பாடகருமான பாவலர் வரதராஜன் இதன் தலைவர். அவருடைய தம்பியர் பாஸ்கர், இராசையா, அமர்சிங் ஆகியோர் இதில் இடம்பெற்றனர். இராசையா பிற்காலத்தில் இளையராஜா என்றும், அமர்சிங் கங்கை அமரன் என்றும் அறியப்பட்டனர். 1950-களின் இறுதியில் அரசியல் மேடைகளில் பாடத் தொடங்கிய இந்தச் சகோதரர்களின் பயணம், 1976-இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வழியாக ஒலிப்பதிவுக் கூடத்தை எட்டியது. குழுவைத் தொடங்கி வைத்த மூத்தவர் அந்த நாளைக் காண உயிரோடு இல்லை.

ஒரு சிற்றூர் இசைக்குழு எவ்வாறு உருவாகிறது, மேடையிலிருந்து ஒலிநாடாவுக்கு எவ்வாறு செல்கிறது, அந்த வழியில் எது பதிவாகிறது, எது பதிவாகாமல் போகிறது என்பதை அறிய இக்குழுவின் வரலாறு நல்ல சான்றாகும்.

பண்ணைப்புரமும் குடும்பமும்

பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. அக்காலத்தில் இப்பகுதி மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. மலைக்கு அப்பால் கேரளத்தின் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்கள் உள்ளன. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே வேலைக்குச் சென்று வந்தனர்.

இச்சகோதரர்களின் தந்தை ராமசாமி. பாவலர் வரதராஜன் அவருடைய முதல் மனைவியின் மகன். பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் மூவரும் சின்னத்தாயி அம்மாளின் மக்கள். இளையராஜா 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிறந்தார். ஞானதேசிகன் என்பது பெற்றோர் இட்ட பெயர். கங்கை அமரன் 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தார்.

வரதராஜன் பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். பாட்டெழுதவும், எழுதியதை ஆர்மோனியத்துடன் பாடவும் வல்லவர். அதனால் ‘பாவலர்’ என்ற அடைமொழி அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது. வீட்டில் ஒரே ஓர் ஆர்மோனியம்தான் இருந்தது. தம்பியர் அதைத் தொடக்கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் வெளியூர் சென்ற நேரங்களில் யாருக்கும் தெரியாமல் எடுத்து வாசித்துப் பழகியதையும், பிடிபட்டு அடி வாங்கியதையும் இளையராஜா பல மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார்.

தேவிகுளம், 1958

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் சேர்க்கப்பட்டன. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிப்பது போல, இங்கே தமிழும் மலையாளமும் கலந்து ஒலித்தன. கட்சி எதுவாக இருந்தாலும் தோட்டத் தொழிலாளர்களிடம் வாக்குக் கேட்கத் தமிழ் தேவைப்பட்டது. நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு வருபவர்களை நீண்ட சொற்பொழிவைக் காட்டிலும் பாட்டு எளிதாகக் கூட்டத்திற்கு அழைத்துவந்தது.

1957-இல் கேரளத்தில் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி வென்று, ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பானதால், 1958-இல் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. கட்சிக்காகப் பாடப் பாவலர் வரதராஜன் சென்றார். ஊர் ஊராகப் பாடி அண்ணனின் தொண்டை கட்டிவிட்டது. துணைக்கு ஒருவர் தேவை என்றபோது தாய் சின்னத்தாயி 14 வயதான இராசையாவை அனுப்பிவைத்தார். அந்தச் சிறுவன் மேடையேறிய முதல் பயணம் அதுவே. ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பங்குண்டு என்பது பொதுவுடைமை இயக்கத்தினர் இன்றும் சொல்லும் செய்தி.

மேடையே பள்ளிக்கூடம்

அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் சகோதரர்கள் தென்னிந்திய ஊர்களில் கச்சேரி செய்தனர். குழுவின் முறை எளிமையானது. மக்கள் அறிந்த திரைப்பாடல் மெட்டை எடுத்துக்கொண்டு, அதில் விலைவாசி, கூலி, நிலம் பற்றிய புதிய சொற்களைப் பாவலர் வைப்பார். மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் கேட்பவரின் கவனம் சொல்லின் மீது நிற்கும். ஊரில் அன்று காலை நடந்த செய்தியும் இரவில் பாட்டாகிவிடும்.

குரல் உடையும் வயது வரும்வரை பெண் குரலில் பாடவேண்டிய பகுதிகளை இராசையா பாடினார். அவர் குரல் உடைந்ததும் அந்தப் பொறுப்பு தம்பி அமருக்கு வந்தது. பாஸ்கர் தாளக் கருவிகளை வாசித்தார். ஆர்மோனியம் இப்போது இராசையாவின் கைக்கு வந்திருந்தது. பின்னர் கிதாரும் சேர்ந்தது.

இத்தகைய குழு மேடையில் கற்றுக்கொள்வன சில உண்டு. முதலாவது, காது. எழுதிவைத்த இசைக் குறிப்பு எதுவும் இல்லாத நிலையில், வானொலியிலும் திரையரங்கிலும் கேட்ட பாட்டை, அதன் முன்னிசை, இடையிசையுடன் நினைவில் நிறுத்தி மறுநாள் வாசிக்கவேண்டும். இரண்டாவது, பற்றாக்குறையைச் சமாளிப்பது. திரைப்பாடலில் முப்பது வயலின்கள் ஒலித்த இடத்தை ஓர் ஆர்மோனியமும் ஒரு கிதாரும் நிரப்பவேண்டும். எந்தச் சுரத்தை விட்டால் பாட்டு குறையாது, எதை விட்டால் பாட்டே இருக்காது என்பது அப்போதுதான் தெரியும். மூன்றாவது, கூட்டம். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும் கூட்டத்தின் முன் ஒரு பாட்டின் முதல் பத்து நொடிகள் எவ்வளவு முக்கியம் என்பதை எந்த வகுப்பறையும் இதைவிட நன்றாகக் கற்பிக்காது.

1964-இல் ஜவஹர்லால் நேரு மறைந்தபோது கவிஞர் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இளையராஜா மெட்டமைத்தார். அவருடைய முதல் இசையமைப்பு என்று குறிப்பிடப்படுவது இதுவே. அதுவும் மேடைக்காகச் செய்யப்பட்டதுதான்.

அதே 1958-இல் லிவர்பூலில்

இக்குழுவின் நிலையை விளங்கிக்கொள்ள ஓர் ஒப்பீடு உதவும். தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்த அதே 1958-இல், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில் ‘குவாரிமென்’ என்ற இளைஞர் குழு ஒன்று இருந்தது. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் ஆகிய மூவரும் அதில் இருந்தனர். அவர்களும் பிறர் பாடல்களைக் காதால் கேட்டுப் பழகியவர்கள். விழாக்களிலும் நடன அரங்குகளிலும் வாசித்தவர்கள்.

லிவர்பூலில் பெர்சி பிலிப்ஸ் என்பவர் தம் வீட்டிலேயே சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் பாடி, கையோடு ஓர் இசைத்தட்டை வாங்கிச் செல்லலாம். குவாரிமென் குழுவினர் அங்கே இரண்டு பாடல்களைப் பதிவு செய்தனர். கிடைத்தது ஒரே ஒரு தட்டு. உறுப்பினர்கள் அதை முறை வைத்துத் தம் வீடுகளுக்கு எடுத்துச் சென்றனர். பின்னர் பியானோ வாசித்தவரிடம் பல ஆண்டுகள் இருந்த அத்தட்டை 1981-இல் மெக்கார்ட்னி வாங்கிக்கொண்டார். பீட்டில்ஸ் என்று உலகப் புகழ் பெற்ற ராக் குழுவின் தொடக்கக் குரல் இவ்வாறு பிழைத்தது.

பண்ணைப்புரத்துச் சிறுவர்களுக்கு அத்தகைய வாய்ப்பு எட்டாத தொலைவில் இருந்தது. அக்கால இந்தியாவில் இசைத்தட்டுத் தொழில் பெரும்பாலும் ஒரே நிறுவனமான கிராமபோன் கம்பெனியின் கையில் இருந்தது. அதன் தட்டுகள் கொல்கத்தா அருகே டம்டம் ஆலையில் அச்சாயின. யாருடைய குரல் தட்டில் ஏறும் என்பதை நிறுவனமே முடிவு செய்தது. ஒலிநாடாக் கருவி வானொலி நிலையங்களிலும் திரைப்படக் கூடங்களிலும் இருந்ததே தவிர, கிராமத்து வீடுகளில் இல்லை. ஆகவே லிவர்பூல் குழு வாசிக்கத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் தன் குரலைத் தானே கேட்டது. பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் தாங்கள் அமைத்த இசையைப் படத்தில் கேட்க 18 ஆண்டுகள் ஆயின. இதைத் திறமையின் வேறுபாடாகக் கொள்ள இயலாது. கருவியும் கூடமும் யார் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன என்பதே வேறுபாடு.

சென்னைப் பயணம்

1960-களின் இறுதியில் பாஸ்கரும் இளையராஜாவும் கங்கை அமரனும் சென்னைக்கு வந்தனர். வழிச்செலவுக்காகத் தாய் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்றுப் பணம் கொடுத்தார் என்று இளையராஜா சொல்லியிருக்கிறார். பாட்டைக் கேட்டுப் பழக உதவிய பெட்டியே பாட்டு அமைக்கச் செல்லும் வழிக்குக் காசானது. தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த நண்பர் பாரதிராஜா அவர்களுக்கு முன்பே திரைப்பட வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்திருந்தார்.

சென்னையில் இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராகச் சேர்ந்தார். மயிலாப்பூரில் தங்கி மேற்கத்திய இசை கற்பித்துவந்த தன்ராஜிடம் பியானோவும், கிதாரும், இசைக்குறிப்பு எழுதும் முறையும் கற்றார். இராசையா என்ற பெயரை ‘ராஜா’ என்று சுருக்கியவரும் அவரே. இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்திய கிதார் தேர்வில் இளையராஜா தங்கப் பதக்கம் பெற்றார்.

தாளில் பதிந்த இசை

இந்தப் பயிற்சியின் சிறப்பைத் தனியே குறிப்பிடவேண்டும். மேற்கத்திய இசைக்குறிப்பு என்பது ஐந்து கோடுகளின் மேல் சுரங்களைப் புள்ளிகளாக எழுதும் முறை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எந்தக் கருவி, எந்த இடத்தில் என்பதையெல்லாம் அதில் குறிக்கலாம். எழுதியவர் உடன் இல்லாவிட்டாலும், மெட்டை முன்பின் கேட்டிராத கலைஞர் அதைப் பார்த்து வாசித்துவிடலாம்.

அதுவரை சகோதரர்களின் இசை நினைவில் மட்டுமே இருந்தது. அது ஒருவர் பாடிக் காட்ட மற்றவர் பிடித்துக்கொள்ளும் முறை. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு அது போதும். நாற்பது பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்குப் போதாது. ஒவ்வொருவருக்கும் வாயால் பாடிக் காட்ட ஒரு நாளும் காணாது. இசைக்குறிப்பைக் கற்ற பின் இளையராஜாவால் தம் மனத்தில் ஒலித்ததைத் தாளில் இறக்கிவைக்க முடிந்தது. ஒலிநாடா கைக்கு வருவதற்கு முன்பே அவருக்குக் கிடைத்த முதல் பதிவுக் கருவி தாளும் பென்சிலும்தான் எனலாம்.

பிறர் பாடல்களில் ஒரு கருவியாக

1970-களின் முற்பகுதியில் இளையராஜா பல இசையமைப்பாளர்களிடம் கிதாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார். வங்காள இசையமைப்பாளர் சலில் சௌத்ரி அவர்களுள் ஒருவர். குறிப்பாக, இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்து ஏறத்தாழ 200 படங்களில் பணியாற்றினார். அவற்றுள் பெரும்பாலானவை கன்னடப் படங்கள். ‘பங்காரத மனுஷ்யா’ (1972) முதலிய ராஜ்குமார் படங்களுக்கு இசையமைத்துக் கர்நாடகத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தவர் வெங்கடேஷ். அவர் அமைக்கும் மெட்டுகளுக்கு வாத்தியப் பகுதிகளை எழுதும் வேலை இளையராஜாவுக்குக் கிடைத்தது. ஓசூர் போன்ற எல்லையோர ஊர்களில் கன்னடப் பாடல்களை விரும்பிக் கேட்டவர்கள், அந்தப் பெயரை அறிவதற்கு முன்பே அவருடைய கைவண்ணத்தைக் கேட்டிருக்கக் கூடும்.

சகோதரர்கள் மேடையையும் விடவில்லை. பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜா கிதாரும் ஆர்மோனியமும், பாஸ்கர் தாளக் கருவியும், கங்கை அமரன் கிதாரும் வாசித்தனர். பகலில் ஒலிப்பதிவுக் கூடம், மாலையில் கச்சேரி என்று இரண்டு பயிற்சிகளும் ஒன்றாக நடந்தன.

அன்னக்கிளி

கதாசிரியர் ஆர். செல்வராஜ், இளையராஜாவைப் பற்றித் தயாரிப்பாளரும் பாடலாசிரியருமான பஞ்சு அருணாசலத்திடம் எடுத்துச் சொன்னார். கண்ணதாசனிடம் உதவியாளராக இருந்து பாட்டெழுதப் பழகியவர் பஞ்சு. இளையராஜா கருவி எதுவும் இல்லாமல், மேசையில் தாளம் போட்டுத் தம் மெட்டுகளைப் பாடிக் காட்டினார். கிராமத்துக் களத்துமேட்டிலும் கல்யாண வீட்டிலும் கேட்கும் மெட்டுகளின் சாயல் அவற்றில் இருந்தது. அந்த மெட்டுகளுக்கு ஏற்ற கதை அமையட்டும் என்று பஞ்சு காத்திருந்தார். செல்வராஜ் சொன்ன ‘அன்னக்கிளி’ அந்தக் கதையாயிற்று. படத்தை தேவராஜ், மோகன் இருவரும் இணைந்து இயக்கினர்.

ஏற்கெனவே ஏ. எம். ராஜா என்ற புகழ்பெற்ற பாடகரும் இசையமைப்பாளரும் இருந்ததால், ‘இளைய’ என்ற சொல்லைப் பஞ்சு முன்னால் சேர்த்தார். இவ்வாறு இளையராஜா என்ற பெயர் பிறந்தது.

அக்காலத்தில் ஒரு பாடல் எவ்வாறு பதிவானது என்பதை இன்றைய மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. இன்று ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து கணினியில் சேர்க்கலாம். பிழை நேர்ந்த இடத்தை மட்டும் மீண்டும் பாடலாம். 1976-இல் அந்த வசதி இல்லை. வயலின், புல்லாங்குழல், தபேலா, டோலக், கிதார் என எல்லாக் கலைஞர்களும் ஒரே கூடத்தில் அமர்வார்கள். பாடுபவர் சிறு கண்ணாடி அறைக்குள் நிற்பார். ஒலிப்பதிவாளர் சைகை காட்டியதும் முதல் சுரம் தொடங்கிக் கடைசிச் சுரம் வரை ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும். நான்காவது நிமிடத்தில் ஒருவர் தவறினாலும் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகவே ஒலிப்பதிவுக்கு முன் நீண்ட ஒத்திகை நடக்கும். மேடையில் நிறுத்தாமல் வாசித்துப் பழகியவர்களுக்கு இம்முறை அந்நியமாக இருக்கவில்லை.

‘அன்னக்கிளி’யின் முதல் பாடல் பதிவின்போது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி திரையுலகில் அடிக்கடி சொல்லப்படுகிறது. எல்லோரும் ஆயத்தமாகி, தொடங்கும் நொடியில் மின்சாரம் நின்றுபோனது. புதிய இசையமைப்பாளரின் முதல் நாளில் விளக்கு அணைவது கெட்ட சகுனம் என்று சிலர் முணுமுணுத்தனர். மின்சாரம் திரும்பியதும் மீண்டும் வாசித்தனர். பதிவைப் போட்டுக் கேட்டபோது அதில் ஒலி இல்லை. மறுபடியும் வாசித்தே முதல் பாடல் நாடாவில் ஏறியது.

1976 மே மாதத்தில் படம் வெளிவந்தது. பாடல்களைப் பஞ்சு அருணாசலம் எழுத, எஸ். ஜானகி, பி. சுசீலா, டி. எம். சௌந்தரராஜன் ஆகியோர் பாடியிருந்தனர். நாட்டுப்புற மெட்டும் மேற்கத்திய வாத்தியச் சேர்க்கையும் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாமல் கலந்திருந்தது கேட்பவர்களுக்குப் புதுமையாக இருந்தது. பாடல்கள் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளிலும் தேநீர்க் கடைகளிலும் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. மறு ஆண்டில் பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’ வந்தது. அதில் கங்கை அமரன் எழுதிய பாடலைப் பாடிய எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது.

பதிவாகாத அண்ணன்

‘அன்னக்கிளி’ வெளிவருவதற்கு முன்பே பாவலர் வரதராஜன் காலமாகிவிட்டார். தம்பியின் பெயர் இசைத்தட்டில் அச்சாகி வந்ததை அவர் பார்க்கவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பல்லாயிரம் பேர் முன் பாடிய அவருடைய குரல், தம்பியரின் இசையைப் போல வீடுவீடாகக் கேட்கும் தட்டாக மாறவில்லை. கேட்டவர்களின் நினைவிலும், பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்ட பாடல் வரிகளிலும், தம்பியர் சொல்லும் கதைகளிலும்தான் அவரை இன்று தேடவேண்டியுள்ளது. மெட்டுக்குள் சொல்லை எப்படி வைத்தார், எந்த இடத்தில் நிறுத்திக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார் என்பனவற்றை அச்சிட்ட வரிகள் சொல்வதில்லை.

தம்பியர் அவர் பெயரை விட்டுவிடவில்லை. பாஸ்கர் தொடங்கிய திரைப்பட நிறுவனத்திற்குப் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று பெயரிட்டார். பாரதிராஜா இயக்கிய ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) அந்நிறுவனத்தின் படமாகும். படம் தொடங்கும்போது திரையில் தோன்றிய அந்தப் பெயர் யாருடையது என்று அறியாமலே பலர் அதைப் பார்த்தனர்.

இன்றைய நிலை

1958-இல் தேவிகுளத்து மேடையில் பாடியவர்களிடம் இல்லாத பதிவுக் கருவி, இன்று ஏறத்தாழ ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் கைப்பேசியாக உள்ளது. ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளில் வேலை முடிந்து மாலையில் கிதாருடன் கூடும் இளைஞர் குழுவும், ஊர்த் திருவிழாவில் பாடும் நாட்டுப்புறக் குழுவும், செலவின்றித் தம் முதல் பாட்டைப் பதிந்துவைக்க முடியும். பதிவு செய்வது எளிதான காலத்தில், பாடியவர் யார், எழுதியவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்ற குறிப்பையும் உடன் எழுதிவைப்பது தேவை. இவையில்லாத ஒலி சில ஆண்டுகளில் யாருடையது என்று தெரியாமல் போய்விடும்.

ஊரில் வயது முதிர்ந்த பாடகர், கலைஞர் இருந்தால் மாணவர்கள் அவர்களிடம் சென்று பாடச் சொல்லிப் பதிந்துவைக்கலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன் யாரேனும் ஒருவர் ஓர் ஒலிநாடாக் கருவியுடன் பாவலரின் கச்சேரிக்குச் சென்று முன்வரிசையில் அமர்ந்து முழு இரவையும் பதிந்திருந்தால், தமிழ் மெல்லிசை வரலாற்றின் முதல் பக்கங்களை இன்று காதால் கேட்டிருக்கலாம்.